ஏரிக்குச் சங்கம் உண்டு, போர்வெல்லுக்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் அது விலகிப் போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் பதிவான மழை 48 சென்டிமீட்டருக்கும் மேல். அதற்கு முன் பெரிதாகப் பேசப்பட்ட கணக்கு 2004 அக்டோபரில் ஒரே நாளில் பெய்த 21 சென்டிமீட்டர். இப்பகுதியின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 130 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு பகல் ஓர் இரவில் இறங்கிவிட்டது.

ஆனால் பாகூர் கொம்யூனில் தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது அந்த மழை மட்டுமல்ல. டிசம்பர் 2 அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டம் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்ட தண்ணீர் ஆற்றோடு இறங்கி வந்து, குருவிநத்தம், சோரியாங்குப்பம் பக்கத்து வயல்களிலும் தெருக்களிலும் புகுந்தது. வடக்கே சங்கராபரணியில் வீடூர் அணைத் தண்ணீர் சேர்ந்துகொள்ள, வில்லியனூர்ப் பக்கமும் வெள்ளம். அரசு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாயும், பயிர் அழிந்த நிலத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் என்பது கணக்கெடுத்துக் கொடுப்பது. கணக்கு எடுப்பவர் அதிகாரி, வாங்குபவர் குடிமகன். அந்த ஒரு வாரத்தில் ஊர் தன் பெயரில், தன் பொறுப்பில் எடுக்க முடிந்த முடிவு என்று ஏதாவது இருந்ததா?

காலநிலை மாற்றம் பற்றிய அரசு ஆவணம் எதை எடுத்தாலும் ‘மக்கள் பங்கேற்பு’ என்றொரு பகுதி இருக்கும். அதன் கீழே பெரும்பாலும் விழிப்புணர்வுப் பேரணி, பள்ளி மாணவர் உறுதிமொழி, மரக்கன்று நடுதல், துணிப்பை வழங்குதல். இவற்றில் தவறில்லை. ஆனால் இவை எல்லாம் ஒரு முன்முடிவோடு வருகின்றன: மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துவிட்டால் செய்வார்கள் என்பது அது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கதை வேறு மாதிரி. இங்கே மக்களுக்குத் தெரியாமல் எதுவும் நின்றுபோகவில்லை. அவர்களைப் பலமுறை கூட்டியிருக்கிறார்கள், சங்கம் வைத்திருக்கிறார்கள், பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சங்கங்களின் கையில் என்ன அதிகாரம் இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

கொம்யூனின் காலி நாற்காலிகள்

முதலில் கொம்யூன் என்பதையே பார்த்துவிடலாம். 1880 மார்ச் 12 ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகள் அமைந்தன. வில்லியனூரும் பாகூரும் அப்போதே இருந்தவை. பிரிட்டிஷ் இந்தியாவில் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1882இல். வாக்காளர் பட்டியலை வகை பிரித்து, வெள்ளையர் எண்ணிக்கைக்கு மீறிய இடம் கொடுத்த ஏற்பாடு அந்தப் பிரெஞ்சு முறை என்பதையும் மறக்க வேண்டாம். தேர்தல் முறைகேடுகளுக்கும் பிரெஞ்சுப் புதுச்சேரி பேர்போனதுதான். இருந்தாலும் ஊருக்கு ஒரு மன்றம், அதற்கு ஒரு மேயர் என்ற அமைப்பு நிலைத்து நின்றது.

அந்த மன்றங்களின் கனம் ஒரு நாளில் வெளிப்பட்டது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில், இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்விக்கு வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். சட்டமன்றத்துக்கும் கொம்யூன்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பேர். 170 பேர் சேர்வோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு நிலப்பரப்பு எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பதையே கொம்யூன் உறுப்பினர்கள் முடிவு செய்த இடம் இது.

அதற்குப் பிந்தைய வரலாறு சுருக்கமானது. 1968இல் உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006இல், அதுவும் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு. இடையில் 38 ஆண்டுகள். 2006இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்து, இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சிக்கி நின்றுபோனது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென 29 துறைகளை எழுதியும் வைத்தது. சிறு பாசனம், நீர் மேலாண்மை, சமூகக் காடுகள், மரபுசாரா எரிசக்தி எல்லாம் அதில் உண்டு. காலநிலைச் செயல்பாடு என்று இன்று பேசப்படுவதில் பாதி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பட்டியல் இருக்கிறது, நாற்காலி காலி.

தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் வேலை நடக்காது என்று சொல்ல வரவில்லை. ஆணையர் இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார், தொகுதி எம்.எல்.ஏ. இருக்கிறார். புதுச்சேரியில் தொகுதிகள் மிகச் சிறியவை. எம்.எல்.ஏ.வைத் தெருவிலேயே பிடித்துக் கேட்டுவிடலாம். அதனாலேயே ஊராட்சித் தலைவர் என்ற போட்டியாளர் உருவாவதில் பலருக்கு விருப்பமில்லை என்பது என் எண்ணம். சாக்கடை அடைப்பை நீக்க எம்.எல்.ஏ. போதும். 20 ஆண்டுக்கான நீர்க் கணக்கைப் போட அவர் போதாது. மழை மாறிவிட்ட காலத்தில் நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

84 ஏரிகளும் ஒரு பரிசோதனையும்

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். பெரியது வில்லியனூர்ப் பக்கம் தமிழ்நாட்டு எல்லையில் படுத்திருக்கும் ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி. பாகூரில் நீருக்குப் பழைய எழுத்து உண்டு. நிருபதுங்கவர்மனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் ஏரிப் பராமரிப்பு பற்றிய சபை முடிவுகள் வருகின்றன. இந்த இடத்தில் உத்திரமேரூரின் ஏரி வாரியத்தையும் சேர்த்துப் பெருமை பேசுவது நம் வழக்கம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தது உண்மை. அந்த ஓலையில் பெயர் எழுதப்படவே நிலம் வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்பதும் அதே கல்வெட்டில் உள்ள உண்மை. தூர்வாரியவர்களின் பெயர் ஓலையில் இல்லை. பழைய சபைகளை மாதிரியாகக் காட்டும்போது இந்தப் பாதியை விட்டுவிட்டால், நாளைய ஏரிச் சங்கமும் அதே பாதியோடுதான் பிறக்கும்.

பிரெஞ்சு ஆட்சியில் ஏரிப் பாசனத்துக்கு உழவர் சங்கங்கள் இருந்தன. ஆயக்கட்டு நிலக்காரர்களிடம் பணம் வசூலித்துப் பொது நிதியில் வைத்து, அதிலிருந்து வாய்க்காலும் மதகும் கரையும் பராமரிக்கப்பட்டன. அதுவும் நிலக்காரர்களின் அமைப்புதான். ஆனால் பணம் ஊரில் வசூலாகி ஊரில் செலவானது. இணைப்புக்குப் பின் ஏரிகள் பொதுப்பணித் துறையின் கைக்குப் போயின. கரை உடைந்தால் மனு, மதகு பழுதானால் மனு. மனு எழுதப் பழகிய ஊர் மண்வெட்டி எடுப்பதை மறக்கும். அதே வேளையில் மின்மோட்டாரும் ஆழ்குழாய்க் கிணறும் வந்துசேர்ந்தன. அதைப் பற்றிப் பிறகு.

1999இல் தொடங்கியது ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு நடந்த ஏரி புனரமைப்புத் திட்டம். பொதுப்பணித் துறை செயல்படுத்தியது. ஊர்களில் மக்களை அமைப்பாக்கும் வேலையைத் தொண்டு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. அவற்றில் முக்கியமானது புதுவை அறிவியல் இயக்கத்தவர்கள் நடத்திய சூழலியல் மற்றும் ஊரக வளர்ச்சி மையம். இதற்குப் பத்தாண்டு முன்பு, 1989இல், புதுவையில் அறிவொளி இயக்கம் தெருத்தெருவாகப் போயிருந்தது. எழுத்தறிவு வகுப்பு நடத்திய தொண்டர்களுக்கு ஊரின் ஒவ்வொரு திண்ணையும் தெரியும். அந்தப் பழக்கம் ஏரித் திட்டத்துக்குக் கைகொடுத்தது. ஒப்பந்தக்காரரை இறக்கித் தூர்வாரிவிட்டுப் போகும் வழக்கத்துக்கு மாறாக, முதலில் ஏரிச் சங்கம், பிறகு வேலை என்பது திட்டத்தின் கோட்பாடு. ஆயக்கட்டில் நிலமுள்ளவர் மட்டும் என்ற பழைய கோட்டைத் தாண்டி, நிலமற்றவர்களையும் பெண்களையும் உறுப்பினராக்கியது அதன் துணிச்சலான பகுதி. ஆடு மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், வண்டல் அள்ளுபவர், ஏரியில் துணி துவைப்பவர் எல்லாருக்கும் ஏரியில் பங்குண்டு என்பதை ஒரு விதியாக எழுதிவைத்த இடம் அது.

இது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பலிக்கவில்லை. பலிக்கவும் முடியாது. தலித் குடியிருப்பு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் இடத்தில் சங்கக் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது என்பதே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். இப்பகுதி ஏரிகளை ஆராய்ந்த ஒலிவியா ஓப்ரியோவும் இக்னேஷியஸ் பிரபாகரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அடிப்படையான ஒன்றைக் கேட்டது. பாசனம் பெரும்பாலும் கிணற்றுக்கு மாறிவிட்ட ஊரில் ஏரியை ‘மீட்பது’ யாருடைய தேவை என்பதுதான் அது. ஏரி ஆர்வலர்களுக்குக் கசப்பான கேள்வி. எனக்கும் அது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் தவிர்க்க முடியாதது.

திட்டம் முடிந்ததும் சங்கங்கள் என்னவாயின என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஒரு சங்கம் உயிரோடிருக்க ஆண்டுதோறும் ஏதாவது வரவும், அதைச் செலவிடும் உரிமையும் வேண்டும். ஏரியின் மீன் குத்தகை, கரையிலுள்ள மரங்களின் ஏலம், வண்டல் மண் என வரவுக்கு வழிகள் இருக்கின்றன. அந்த வருமானம் எந்தக் கணக்கில் விழுகிறது, யார் கையெழுத்தில் வெளியே வருகிறது என்பதுதான் பங்கேற்பின் உண்மையான அளவுகோல். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற புகைப்படத்தில் அது தெரியாது. மதகைத் திறப்பது துறையின் வேலையாகவும், மீன் குத்தகை வேறொரு அலுவலகத்தின் வேலையாகவும், கரையைக் காப்பது மட்டும் மக்களின் வேலையாகவும் இருந்தால் எந்தச் சங்கமும் கூடாது. யாருக்குத்தான் அப்படி ஒரு சங்கம் வேண்டும்?

அடுத்த பெயர்: காலநிலைத் தகவமைப்பு

2008இல் இந்தியாவின் தேசியக் காலநிலைச் செயல்திட்டம் வந்தது. மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தத்தம் திட்டங்களை எழுதின. 2015இல் மத்திய அரசு காலநிலை மாற்றத் தேசியத் தகவமைப்பு நிதியைத் தொடங்கி, நபார்டு வழியாக மாநிலங்களுக்குக் கொடுத்தது. அதில் புதுச்சேரிக்கு ஒப்புதலான திட்டத்தின் செலவு 16.76 கோடி ரூபாய். 20 ஏரிகளையும் 32 ஊர்க் குளங்களையும் புனரமைத்து, மேற்பரப்பு நீரை ஒருங்கிணைத்து நிர்வகிப்பது அதன் நோக்கம்.

பார்த்தால் பழைய வேலைதான். தூர், கரை, மதகு, வரத்து வாய்க்கால். பெயர் மட்டும் காலநிலைத் தகவமைப்பு. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. புதுச்சேரி கிராமப்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலநிலைத் திட்டம் இருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. கொட்டுவதைப் பிடித்து வைக்கும் பாத்திரம் ஏரி. வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் அதுவே, நிலத்தடிக்கு நீர் இறக்குவதும் அதுவே. 2019இல் மாவட்ட நிர்வாகம் ‘நீரும் ஊரும்’ என்ற பெயரில் ஊர்க் குளங்களைத் தூர்வாரியது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வந்தது, தன்னார்வலர்கள் வந்தார்கள், குளங்கள் ஆழமாயின.

என் சந்தேகம் ஒன்றுதான். 1999இல் ஐரோப்பிய நிதி, 2015க்குப் பின் தகவமைப்பு நிதி, 2019இல் நிறுவன நிதி. மூன்று முறையும் நிதி வெளியிலிருந்து வந்தது. தூர் வாருவது பத்தாண்டுக்கொரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. முதல் திட்டத்தில் ஊரை அமைப்பாக்கும் வேலைக்கு இருந்த இடம் பின்னால் வந்தவற்றில் சுருங்கிப்போனது. பொக்லைன் ஒரு வாரத்தில் முடிக்கும் வேலைக்குச் சங்கம் எதற்கு என்ற கேள்வி அதிகாரிக்கு வருவது இயல்பு. பொக்லைன் போன பிறகு வரத்து வாய்க்காலில் மீண்டும் குப்பை விழாமல் பார்ப்பது யார் என்ற கேள்வி அவருக்கு வருவதில்லை. அவர் மாற்றலாகியிருப்பார்.

வில்லியனூரில் ஓர் ஒலிபெருக்கி

இதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு முயற்சியை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். காலநிலை என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் இன்று ‘முன்னெச்சரிக்கை அமைப்பு’ என்ற பெயரில் உலக நாடுகள் கோடிகள் ஒதுக்குவது அதற்குத்தான்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. மையம் வில்லியனூர். அங்கிருந்து கம்பியில்லா இணைப்பில் சுற்றுவட்ட ஊர்களின் அறிவு மையங்களுக்குச் செய்தி போகும். எம்பலத்தில் கோயில் இடத்தில் மையம் அமைந்தது, பெண்கள் நடத்தினார்கள். மையத்துக்கான இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், நடத்துபவரை ஊர் தேர்ந்தெடுக்க வேண்டும், சாதி பார்க்காமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்பவை நிபந்தனைகள். நெல் விலை, அரசுத் திட்ட விண்ணப்பம், மாட்டு வைத்தியம் போன்றவை அன்றாடச் சரக்கு. மீனவர்கள் கேட்டது வேறு. வீராம்பட்டினத்தில் அவர்களுக்கு வேண்டியது நாளைய அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலைக் கணிப்பு கிடைத்தது. அதை இறக்கித் தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் படித்தார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று ஆட்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு மீனவர் கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, கடல் சீற்றம் பற்றிய செய்தியைச் சொன்னார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்பு போனது. மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். சுனாமி காலநிலை விபத்து அல்ல என்று புவியியலாளர் திருத்துவார். திருத்தட்டும். நான் பார்ப்பது ஒலிபெருக்கியை. அறிவிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவில்லை. தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய குரல் என்பதால் ஊர் நம்பியது. பேரிடர் நாளில் மட்டும் ஊதப்படும் சங்குக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

2024 டிசம்பர் 2 அதிகாலையை இதோடு வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் திறந்த அணை தமிழ்நாட்டில், நீர் புகுந்த வீடு புதுச்சேரியில். பாகூர் கொம்யூனின் நிலமே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு வயல் புதுச்சேரி, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. அணையின் எச்சரிக்கை ஒரு மாநிலத்தின் அலுவலகப் படிகளில் இறங்கி, மறு அரசின் படிகளில் ஏறி, பிறகு ஊருக்கு வர வேண்டும். ஆற்றுக்கு அந்தப் படிகள் இல்லை. மேல் ஊர்களிலிருந்து கீழ் ஊர்களுக்கு நேராகச் செய்தி சொல்லும் நீர்மட்டக் காவலர்களை ஊரே வைத்துக்கொள்வது பெரிய தொழில்நுட்பம் அல்ல. கைப்பேசிக் காலத்தில் 1998ஐவிட எளிது. இருந்தும் அப்படி ஒரு ஏற்பாட்டை நடத்தவும் செலவை ஏற்கவும் ஊருக்கு ஒரு சட்டபூர்வ அமைப்பு வேண்டும். திரும்பவும் அதே காலி நாற்காலியில் வந்து முட்டுகிறோம்.

மோட்டார் கொட்டகைக்குள்

இப்போது போர்வெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரின் நெல் இன்று பெரிதும் நிலத்தடி நீரில் விளைகிறது. ஒரு காலத்தில் இப்பக்கம் துளையிட்டால் தானே பொங்கும் ஊற்றுக் கிணறுகள் இருந்தன. பிறகு மோட்டார் வைத்து இறைத்தார்கள், பிறகு நீர்மூழ்கி மோட்டார், ஒவ்வொரு தலைமுறைக்கும் குழாய் இன்னும் கீழே. கடல் பக்கத்தில் இருப்பதால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. கடலோர மணற்படுகையில் கடல்மட்டத்துக்கு மேலிருக்கும் நன்னீர் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் எல்லை 40 மீட்டர் வரை மேலேறும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. களிமண் அடுக்குகள் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. திசை மாறாது. கடல்மட்டம் உயர உயர இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். 2002இல் புதுச்சேரி நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. உரிமம், பதிவு, தடை எல்லாம் அதில் உண்டு. ஆனால் மோட்டார் கொட்டகையின் கதவு தனியார் கதவு.

ஏரிச் சங்கத்தில் ஒருவர் எவ்வளவு அக்கறையாக உட்கார்ந்திருந்தாலும், அவருடைய பயிர் தன் போர்வெல்லில் நிற்கிறது. ஏரி நிரம்பினால் நல்லது, நிரம்பாவிட்டாலும் பயிர் காயாது. ஆகவே சங்கக் கூட்டத்துக்குப் போவது புண்ணியக் கணக்கில் சேர்கிறது. போர்வெல் இல்லாத சிறு விவசாயிக்கோ ஏரி வாழ்வு. அவர் குரல் கூட்டத்தில் எடுபடாது. ஏரிச் சங்கங்கள் சோர்ந்துபோனதற்கு விழிப்புணர்வுக் குறைவைக் காரணம் காட்டுவோர் இந்த எளிய கணக்கைப் பார்ப்பதில்லை. ஊரின் தண்ணீரில் சிறு பங்கை ஆள ஒரு ஜனநாயக அமைப்பை உண்டாக்கிவிட்டு, பெரும் பங்கைத் தனித்தனிக் கொட்டகைகளில் விட்டுவைத்தோம்.

காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைவது, அதன் காரணத்தைக் குறைப்பது என்ற இரண்டு வழியிலும் திறவுகோல் அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறது. எப்போதும் நீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் காற்றில்லாத சேற்று நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால், அதாவது காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், மீத்தேன் பாதியளவு வரை குறையும் என்று சோதனைகள் காட்டுகின்றன. நீரும் மிச்சம். ஆனால் விவசாய மின்சாரம் இலவசம். மிச்சப்படுத்திய நீருக்கு விவசாயியின் கையில் ஒரு ரூபாயும் சேராது. களை மட்டும் கூடும். நிற்கவிட்ட நீர் களையை அமுக்கும் என்பதை அவர் பாட்டனிடமிருந்தே கற்றவர். இந்த நிலையில் அவரிடம் போய்ப் புவி வெப்பம் பற்றிப் படம் காட்டுவது யாருக்கு உதவும்?

வெளியே நடந்த சில முயற்சிகள் இங்கே துணைக்கு வருகின்றன. ஆந்திரத்தில் உலக உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு வறட்சி மாவட்டங்கள் ஏழில், 600க்கும் மேற்பட்ட ஊர்களில் விவசாயிகளே மழையளந்து, கிணற்று மட்டம் அளந்து, பயிர் தொடங்குமுன் ஊர்கூடி நீர்க் கணக்குப் போட்டார்கள். எவரையும் எதையும் பயிரிடாதே என்று சொல்லவில்லை. இந்தப் பருவத்தில் நிலத்தடியில் இருப்பு இவ்வளவு, எல்லாரும் நெல் வைத்தால் பற்றாக்குறை இவ்வளவு என்று சுவரில் எழுதிப் போட்டார்கள். பலர் தாமாகவே பயிரை மாற்றினார்கள். மானியமோ தண்டனையோ இல்லாமல், பக்கத்துக் கிணற்றின் கணக்கு தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. மின்வாரியத்துக்கு விற்ற மின்சாரத்தில் கடனை அடைத்தது. அங்கே பசுமைப் பேரணி நடந்ததா என்று தெரியாது. ஊராட்சிக்கு வங்கிக் கணக்கும் தீர்மானம் போடும் உரிமையும் தலைவரும் இருந்தது தெரியும். கேரளத்தின் வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016இல் கார்பன் சமநிலைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, மரம் வளர்ப்போருக்கு மரத்துக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டியில்லாக் கடன் தரும் மர வங்கியை அமைத்தது. இரண்டிலும் மக்கள் ‘பங்கேற்கவில்லை’, முடிவெடுத்தார்கள்.

முடிவெடுக்கும் உரிமையில்லாத பங்கேற்பு வளர்ந்த நாட்டிலும் வாடித்தான் போகிறது. பிரான்ஸ் 2019இல் குலுக்கலில் 150 குடிமக்களைத் தேர்ந்து காலநிலை மாநாடு கூட்டியது. அவர்கள் மாதக்கணக்கில் நிபுணர்களைக் கேட்டு 149 பரிந்துரைகள் கொடுத்தார்கள். குடியரசுத் தலைவர் மக்ரோன் மூன்றைத் தவிர மற்றதெல்லாம் ஏற்பதாகச் சொன்னார். 2021இல் சட்டமானபோது பல பரிந்துரைகள் மெலிந்து போயிருந்தன. தங்கள் வேலைக்கு அரசு தந்த பலனுக்கு அந்த 150 பேரே மிகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். பாகூரின் ஏரிச் சங்க உறுப்பினர் ஒருவருக்கு அந்த மனநிலை உடனே புரியும்.

இனி என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் பெரிய வரைபடம் எதுவும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதற்குக் காத்திருக்காமல் இரண்டு வேலைகளைத் தொடங்கலாம். ஒன்று, பழைய ஏரிச் சங்கங்களின் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு போர்வெல்லையும் அதன் ஆழம், உப்புத்தன்மை, மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் என்று ஊர்ப் பிள்ளைகளை வைத்தே கணக்கெடுத்து ஊர்ச் சுவரில் எழுதுவது. கிணற்றுக்காரர்கள் முதலில் தயங்குவார்கள். மோட்டாருக்கு மீட்டர் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. கணக்கு அரசிடம் போகாது, ஊரிடமே இருக்கும் என்ற உறுதி கொடுக்காமல் இதைத் தொடங்க முடியாது. ஏரி நிரம்பிய ஆண்டில் பக்கத்துக் கிணறுகள் எவ்வளவு ஏறின என்பது அந்தச் சுவரில் தெரிந்தால், ஏரிச் சங்கக் கூட்டத்துக்குப் போர்வெல்காரரும் தன் லாபத்துக்காகவே வருவார்.

இரண்டாவது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்ற இரு தாசிப் பெண்களின் பெயரை ஊர்க்கதை இதோடு சேர்த்துச் சொல்கிறது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பேசித் தீர்த்துக்கொண்ட ஏற்பாடு அது, இன்றும் இரு அரசுகளின் பொறியாளர்கள் பேசித்தான் தண்ணீர் வருகிறது. வெள்ளக் காலத்தில் எப்போது திறப்பது, கோடையில் எவ்வளவு விடுவது, ஆகாயத்தாமரையை யார் அகற்றுவது என்பதை முடிவு செய்யும் மேசையில் சொர்ணாவூர்க்காரருக்கோ பாகூர்க்காரருக்கோ நாற்காலி கிடையாது. இரு கரை ஊர்களிலிருந்தும், நிலமுள்ளவர் நிலமற்றவர் இரு தரப்பிலிருந்தும் ஆட்களை வைத்து ஒரு வாய்க்கால் குழு அமைக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. இரண்டு பொதுப்பணித் துறைகளும் ஓர் அரசாணைக்கு இணங்கினால் போதும். அதில் ஒரு வரி மட்டும் அழுத்தமாக எழுதப்பட வேண்டும்: மதகைத் திறக்கும் நாளைக் குழு சொல்லும், பொறியாளர் திறப்பார்.